பெயரில்லாத அந்தப் பகுதி

2022 மார்ச் மாதம். நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாத காலம். முல்லைத்தீவில் எங்கள் பெண்கள் நிலையத்தில் அப்போது ஒரேயொரு மடிக்கணினிதான் இருந்தது. சேமிப்புக் குழுக்களின் கணக்கு, பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதங்கள், தையல் பிரிவின் ஓடர்கள் எல்லாம் அதற்குள்தான். மாதக் கணக்கைச் சேமிக்கப் போன ஒருநாள், இடமில்லை என்று அது மறுத்துவிட்டது.

500 ஜிகாபைட் கணினி அது. விண்டோஸின் கணக்கில் 465 வரும். ஆனால் எங்கள் 'சி' டிரைவில் இருந்ததோ 140 மட்டுமே. மீதியை உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளம் பிடித்துவைத்திருந்தது. 2017இல் தொண்டராக வந்த ஒரு தம்பி அதைப் போட்டுவிட்டுப் போனார். நல்ல மனத்தோடுதான் செய்தார். உபுண்டு இலவசம், அதில் கள்ளப் பிரதி என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் எங்களிடம் கேட்டுச் செய்யவில்லை. எங்களுக்கு வேண்டியவற்றைப் பிறர் தீர்மானிப்பது புதிதல்ல என்பது உங்களுக்கும் தெரியும். கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். பத்து வினாடிக்குள் கீழ் அம்புக்குறியை அழுத்தாவிட்டால் அது உபுண்டுவுக்குள் போய், எங்களில் யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

நகரத்துக் கடையொன்றில் "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடலாம்" என்றார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்று, அங்கே கொண்டுபோய், எங்கள் கோப்புகளையும் இழப்பதா? நானே செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். படித்தது சமூகவியல், பயம் இருந்தது.

ஸ்டார்ட் பொத்தானில் வலது பக்கம் அழுத்தி, டிஸ்க் மனேஜ்மன்டைத் திறந்தேன். வன்தட்டு நீளமான பட்டையாகத் தெரிந்தது. 'சி'க்கு அடுத்து ஒரு பெரிய துண்டும் ஒரு சிறிய துண்டும். இரண்டுக்கும் பெயருமில்லை, எழுத்துமில்லை. விண்டோஸுக்கு உபுண்டுவின் கோப்பு முறையை வாசிக்கத் தெரியாது. பெரிய துண்டில் வலது பக்கம் அழுத்தினால் திறந்து பார்க்க வழியில்லை. அழிக்க மட்டும் வழி இருந்தது.

அழுத்தப் போன நேரம் தையல் பிரிவு அக்கா தேநீரோடு வந்தார்.

"என்ன மிஸ் செய்யிறியள்?"

சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்தத் தம்பி எங்கட படங்களை ஸ்கான் பண்ணினவர் எல்லோ? அதுகள் எங்க கிடக்கு?"

எனக்குக் கை நடுங்கியது. காணாமற்போனோர் தொடர்பான விண்ணப்பங்களுக்காக அந்தத் தம்பி பலரின் படங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஸ்கான் செய்திருந்தார். விண்டோஸ் பக்கத்தில் அவற்றை நான் கண்டதேயில்லை. அக்காவின் மகனுடைய ஒரே படம் 2009இல் அவரோடு எல்லா இடப்பெயர்வும் வந்தது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் அது கரைந்துபோனது.

தம்பியின் பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. பக்கத்துப் பாடசாலையில் கணினி படிப்பிக்கும் ஆசிரியை, உபுண்டு ஏற்றிய ஒரு பென் டிரைவைத் தந்தார். அதிலிருந்து கணினியைத் தொடக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தெரிவு செய்தால், வன்தட்டில் எதையும் மாற்றாமல் உள்ளே பார்க்கலாம் என்றார். கடவுச்சொல் கேட்கும் என்று பயந்தேன். கேட்கவில்லை. கடவுச்சொல் வாசற் கதவுக்கு மட்டுமே. உள்ளிருந்தவை மறையாக்கம் செய்யப்படவில்லை. (நிம்மதிதான். ஆனால் இந்தக் கணினியை யார் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் எங்கள் பெண்களின் கடிதங்களை இப்படியே வாசித்திருப்பார்கள் என்பதை நினைக்க அன்றிரவு நித்திரை வரவில்லை.)

இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே இருந்தன. அக்காவின் மகன் பாடசாலைச் சீருடையில் நின்றான். அக்கா திரையைத் தொடவில்லை. தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அதற்குப் பிறகும் உடனே அழிக்கக் கூடாது என்று ஆசிரியை மறித்தார். தொடக்கத்தில் வரும் அந்தப் பட்டியலுக்குத் தேவையான கோப்புகள் உபுண்டுவின் துண்டுக்குள்தான் இருக்கின்றன. முதலில் அதை அழித்தால், அடுத்த முறை கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற சொல் மட்டும் நிற்கும், விண்டோஸுக்கும் போக முடியாது. ஆகவே கணினி தொடங்கும்போது எப்2 அழுத்தி, தொடக்க வரிசையில் விண்டோஸை முதலாவதாக வைத்தோம். எல்லாக் கணினிக்கும் அதே விசை அல்ல. இரண்டு முறை நிறுத்திப் போட்டோம். பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் வந்தது.

பற்றரி பழுது. மின்சாரம் வந்து, இனி இரண்டு மணிநேரம் நிற்கும் என்று தெரிந்த பிறகே பெயரில்லாத இரண்டு துண்டுகளையும் அழித்தேன். 'சி'யில் வலது பக்கம் அழுத்தி, எக்ஸ்டென்ட் வொலியும் கொடுத்தேன். வெற்றிடம் 'சி'க்கு வலப்புறம் ஒட்டியபடி இருந்ததால்தான் அது வேலை செய்தது. இடையில் வேறு துண்டு இருந்தால் அந்தத் தெரிவு மங்கலாகவே கிடக்குமாம். ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. சிவப்புக் கோடு நீலமானது.

"இப்ப அவன் எந்தப் பக்கத்தில இருக்கிறான்?" என்று அக்கா கேட்டார்.

"இதுக்குள்ளயும் இருக்கிறான், இந்த ரெண்டு பென்னிலயும் இருக்கிறான்."

ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வீட்டில் கணினி இல்லை என்று அவர் சொல்லவில்லை. அடையாள அட்டையும் காணி உறுதியும் வைக்கும் பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.