நான்கு கண்களும் ஒரு வாசலும்

முதிர்ந்த தாயை ஓர் ஊரிலும் பிழைப்பை மற்றோர் ஊரிலும் வைத்திருப்பவனின் மனம் எந்த ஊரிலும் நிலைகொள்வதில்லை. என் குடியிருப்பு இராஜபாளையத்தில். என் தாயார் வாழ்வது ஸ்ரீவில்லிபுத்தூரில், அத்தா கட்டிய வீட்டில். பேருந்தில் ஏறினால் சிறிது நேரப் பயணந்தான். ஆயினும், சென்ற ஆண்டு ஒரு வைகறையில் ஒளுச் செய்யச் சென்ற அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்த செய்தி கேட்டு நான் புறப்பட்ட அன்று, அந்தச் சிறிது நேரம் எத்தனை நீண்டது என்பதை அல்லாஹ்வே அறிவான். நல்லவேளையாகக் குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மையார் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்திருந்தார்.

எங்களுடன் வந்துவிட அம்மா இசையவில்லை. பொறியியல் பயிலும் என் மகன் வேறொரு வழி கூறினான். 2012 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்னும் கணினி ஒரே பலகையில் அமைந்தது, உள்ளங்கையில் அடங்குவது. அதன் பிந்திய வடிவம் ஒன்று அவனிடம் இருந்தது. அதில் யூ.எஸ்.பி. கேமராக்கள் நான்கைச் செருகி, வாயில், கூடம், சமையற்கட்டு, கிணற்றடி ஆகிய நான்கு இடங்களையும் கைபேசியில் காணலாம் என்றான். “நான்கு எதற்கு?” என்றேன். “நம் மலையையே பாருங்கள் அத்தா. புலிகளைக் கணக்கெடுக்கையில் பாதையின் இருமருங்கிலும் கேமரா வைக்கிறார்கள். புலியின் இருபக்க வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒரு பக்கத்துப் பார்வை போதாது” என்றான். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021 ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமானதை அறிந்திருந்த நான் வாயடைத்துப் போனேன்.

இரண்டு கேமராக்கள் உடனே கண் திறந்தன. மூன்றாவது திறக்க மறுத்தது. ‘இடமில்லை’ என்றொரு செய்தி திரையில் தோன்றியது. நினைவக அட்டை நிறைந்துவிட்டது போலும் என்று அதைத் துடைத்துப் பார்த்தான், பயனில்லை. இடமில்லாமற் போனது அட்டையில் அன்று, வழியில். அக்கணினியில் வெளியே நான்கு துளைகள் தெரிந்தாலும் உள்ளே அவை அனைத்துக்கும் ஒரே பாதைதான். அதன் கொள்ளளவு நொடிக்கு 480 மெகாபிட். அதிலும் கேமரா போன்று இடைவிடாது அனுப்புவனவற்றுக்கு 100க்கு 80 பங்குக்கு மேல் ஒதுக்க விதியில்லை, ஆகவே 384. அகலம் 640, உயரம் 480 புள்ளிகள் கொண்ட படத்தை, சுருக்காமல், நொடிக்கு 30 வீதம் அனுப்பும் கேமரா ஒன்றுக்கே ஏறக்குறைய 147 வேண்டும். இருவர் செல்லலாம், மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இவ்விடத்தில் இப்னுல் ஹைதம் அவர்கள் என் நினைவுக்கு வந்தார். கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், 11 ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இருட்டறைச் சோதனை ஒன்றை விவரித்தார். ஒரு சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தால், அவற்றின் ஒளி ஒன்றோடொன்று கலவாமல் உட்சுவரில் தனித்தனியே விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதன் ஒளி மட்டுமே மறையும். இறைவன் படைத்த ஒளிக்கு ஒரு வாசலில் நெரிசலில்லை. மனிதன் இழுத்த கம்பிக்கோ உண்டு.

மகன் தோற்றுவிடவில்லை. படங்களைக் கேமராவே சுருக்கி அனுப்பும்படி செய்து, நொடிக்கு 30 என்பதை 10 ஆக்கினான். சில கேமராக்கள் சுருக்கினாலும் முழு இடத்தையும் கேட்குமாம்; எங்களுடையவை இணங்கின. நான்குக்கும் போதிய மின்சாரம் கிடைக்கத் தனி மின்னிணைப்புள்ள பெட்டியொன்றை இடையில் வைத்தான். பின்னொரு நாள் மின்சாரம் நின்று வந்தபோது, வாயிலைத் தேடிய எனக்கு அடுப்படி தெரிந்தது. கண்டெடுக்கும் வரிசைப்படி கணினி எண் கொடுப்பதால் வந்த குழப்பம் அது. செருகிய துளையைக் கொண்டே பெயரிட்டு அதனையும் தீர்த்தான்.

எல்லாம் செவ்வனே நடந்தது. ஆனால் அம்மாவின் முகம் வாடிவந்தது. காரணத்தைக் கேமராவே காட்டியது: குட்டைச் சுவரருகே எவரும் வரவில்லை. கிணற்றடிக் கேமராவின் பார்வையில் பக்கத்து வீட்டுக் கொல்லையும் விழுந்திருந்தது. அவர்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். அந்த அம்மையார் சண்டையிடவில்லை. கொல்லைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். என் தாயைத் தூக்கிய கைகளை நானே அப்புறப்படுத்தியிருந்தேன்.

பிறர் குறையைத் துருவி ஆராய்வதை அருள்மறையின் ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்கும் நெறி பார்வையின் பொருட்டே ஏற்பட்டது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். வாசற்படியில் நின்று ஸலாம் சொல்லிக் காத்திருக்கக் கற்ற நான், நொடிக்கு 10 முறை அனுமதியின்றி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

மறுநாளே சென்று கிணற்றடிக் கேமராவை அகற்றினேன். அம்மா ஓதும் கூடத்துக் கேமராவையும் அவர் விருப்பப்படி எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது வாயிலிலும் சமையற்கட்டிலுமாக இரண்டே உள்ளன. கிணற்றடியில் சொரசொரப்பான கல் பதித்து, பிடித்து நடக்கக் குழாய்க் கம்பியும் நட்டாயிற்று. சுவரருகே மீண்டும் பேச்சுக்குரல் கேட்கிறது.

வீட்டில் கேமரா பொருத்த எண்ணும் அன்பர்கள், கணினியின் கொள்ளளவைக் கணக்கிடுமுன் அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நலம். நான் பிந்தித்தான் கேட்டேன்.