எஃப்.சி.க்காக வாங்கிய சிலிண்டர்

பாளையங்கோட்டைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆம்னி வண்டி என்னுடையது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டப் போகும்போது சேக்காளி வண்டியின் தீயணைப்பானை வாங்கிப்போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த அரை கிலோ சிலிண்டரை வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, எந்த வருஷம் நிரப்பியது, எதையும் பார்க்கவில்லை. பின்சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடும் கந்தல் துணியோடும் போட்டேன்.

ஆம்னியில் இஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் இடம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை இஞ்சின் மேல்தான் உட்கார்ந்து வருகிறது. தெரிந்தேதான் இப்படி இருந்தேன். பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு விட்டிருப்பதை மெக்கானிக் விரல் வைத்துக் காட்டியபோதும், அடுத்த மாசம் மாத்திக்கலாம் என்றேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு காலையில், கொக்கிரகுளத்துப் பக்கம் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஓரங்கட்டி இறங்கிச் சீட்டை அப்படியே தூக்கினேன். காற்று பட்டதும் தீ குப்பென்று முகத்துக்கு எழுந்தது. பின்னால் ஓடி, துணிகளுக்கு அடியிலிருந்து சிலிண்டரை உருவினேன். கேஜ் முள் சிவப்பில் கிடந்தது. பின்னைக் கழற்றி அழுத்தினால் கொஞ்சம் தூள் உதிர்ந்தது, அவ்வளவுதான். ஓட்டத்தின் அதிர்வில் உள்ளே பவுடர், மழையில் நனைந்த சிமெண்ட் மூட்டையாக இறுகிப்போயிருந்தது. டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் கத்தினார்: "தண்ணி ஊத்தாதீய அண்ணாச்சி, பெட்ரோல் மெதந்து பரவிரும்! சீட்ட இறக்குங்க, சாவிய அணைச்சீயளா?"

அதைக்கூட நான் செய்யவில்லை. பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் சாவியை அணைத்து, சீட்டை இறக்கி, சின்ன இடைவெளியில் குழாயை நுழைத்துத் தன் ஏ.பி.சி. பவுடரைத் தீயின் அடியில் அடித்தார். அணைந்தது.

கரியமில வாயு சிலிண்டர் போதாதா என்று பின்னாளில் கேட்டுப் பார்த்தேன். திறந்த ரோட்டில் வாயு காற்றோடு போய்விடும். கொதிக்கும் சைலன்சர் பெட்ரோலை மறுபடி பற்றவைக்கும். ஏ.பி.சி. பவுடர் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் சீட் பஞ்சுக்கும் ஆகும். ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். தீ அணைந்தபின் கழுவித் துடைத்தால் தீர்ந்தது. ஒரு கிலோ ஏறத்தாழ 10 நொடியில் காலியாகும் என்பதால் 2 கிலோ வாங்கினேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறேன். காலையில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவ்வப்போது கழற்றித் தலைகீழாகக் குலுக்குகிறேன்.

இத்தனையும் செய்தபிறகும் ஒன்றைச் செய்யவில்லை. பெற்றோர் கேட்டபோது, "ஒயரிங்ல சின்னக் கோளாறு, லேசாப் புகைஞ்சுது" என்று பொய் சொன்னேன். வெடித்த ஹோஸையும் செத்த சிலிண்டரையும் மறைத்தேன். அரை மணி நேரம் முன்னால் அது பற்றியிருந்தால் வண்டி நிறையப் பிள்ளைகள். என்னை நம்பி அவர்களை ஏற்றிவிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் வீடு வீடாகப் போய்ச் சொல்லப்போகிறேன். பிள்ளையை வேறு வண்டிக்கு மாற்றுகிறோம் என்றால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.