நீலக் குழந்தை

நம் வீட்டுச் சிறுமிக்கு வயது மூன்று. நாலு அடி ஓடியதும் திடீரென்று குந்தி உட்கார்ந்துவிடுவாள். பார்ப்பவர்கள், "என்ன சமர்த்து!" என்பார்கள். அவள் உதடும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்றாற்போல் நீலம் பாரித்திருப்பதை நாமல்லவா அறிவோம்! குந்தினால் கால்களுக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, நுரையீரலுக்குச் சற்றுக் கூடுதலாய்ச் செல்கிறது. இந்த வைத்திய சாஸ்திரத்தை அவளுக்கு யார் கற்பித்தார்களோ!

பிறவிக் கோளாறுகள் நான்கு, முக்கியமானவை இரண்டு. ஹிருதயத்தின் கீழறைகளுக்கிடையே ஒரு துவாரம். நுரையீரலுக்குப் போகும் பாதையோ குறுகல். ஆகவே, சுத்தமாகாத இரத்தமும் கலந்து உடம்பெங்கும் ஓடுகிறது. இவற்றைச் சரிசெய்ய ஹிருதயத்தையே சில நாழிகை நிறுத்திவைப்பார்களாம். அதன் வேலையை அதுவரை ஓர் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

1954-ல் அமெரிக்காவிலுள்ள மினசோட்டாவில் டாக்டர் லில்லிஹை இந்த ரண சிகிச்சையை முதன்முதல் முழுமையாகச் செய்தார். இயந்திரத்துக்குப் பதிலாக இன்னொரு மனிதரின் உடம்பையே குழந்தையோடு குழாய்களால் இணைத்தார். அவரிடம் வந்த குழந்தைகள் பலருக்கு, பக்கத்தில் படுத்து இரண்டு உடம்புக்கும் ஹிருதயமாயிருந்தது தாயோ தகப்பனோதான். இதைப் படித்துக் காட்டியதும் நம் இல்லாள், "எனக்கு அந்தப் பாக்கியம் இல்லையே!" என்றாள்.

நம் பங்குக்குக் கிடைத்தது சம்மதப் பத்திரம் ஒன்றே. இருபது வருஷமாய்ப் பரீட்சைத் தாள் திருத்தும் கை, கையெழுத்துப் போட நடுங்கிற்று.

ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் ஜலதோஷம் வந்தால் தள்ளிப்போகும். ஆகையால், தும்முகிறவர்கள் வாசற்படியோடு நின்று குசலம் விசாரிக்கும்படி வேண்டுகிறோம். நம் மாமனாரானாலும் சரியே.