இன்று பறக்க வேண்டாம்

மைக்ரோலைட் என்பது எடை மிகக் குறைந்த சிறிய விமானம். அதில் ஒருவரோ இருவரோ மட்டுமே அமர முடியும். இவ்விமானங்களில் இரண்டு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு முக்கோண வடிவிலான துணிச்சிறகு இருக்கும். அதன் கீழே மூன்று சக்கர வண்டி போன்ற இருக்கை தொங்கும். பின்புறத்தில் இயந்திரமும் சுழல்விசிறியும் இருக்கும். கதவும் இல்லை, கூரையும் இல்லை. மற்றொரு வகை, வழக்கமான விமானத்தைப் போலவே அசையாத சிறகைக் கொண்டது.

துணிச்சிறகு பிறந்த கதை சுவையானது. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவருடைய மனைவி கெர்ட்ரூடும் தங்கள் வீட்டிலேயே ஒரு சிறகைச் செய்து பார்த்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது சமையலறைத் திரைச்சீலைத் துணி! பிற்காலத்தில் அத்தகைய சிறகைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவுகளிலிருந்து மிதந்து பழகிய சிலர், அதனுடன் சிறிய இயந்திரத்தைப் பொருத்தினர். மைக்ரோலைட் பறப்பு இவ்வாறு வளர்ந்தது. பிரிட்டனில் இத்துறைக்கென 1979 இல் ஒரு தேசியச் சங்கமும் அமைந்தது.

அந்நாட்டின் வில்ட்ஷயர் வட்டாரத்தில் தபால்காரர் ஒருவர் இருந்தார். கோதுமை வயல்களுக்கும் ஆடுகள் மேயும் குன்றுகளுக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுசெல்லும்போது, தலைக்கு மேலே மெல்லிய ஓசையுடன் கடந்துசெல்லும் மைக்ரோலைட்டுகளை அவர் அடிக்கடி நின்று பார்ப்பார். நாற்பத்தைந்து வயதில், தாமும் பறக்கக் கற்க வேண்டும் என்று முடிவு செய்தார். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. அது ஒருமுறைதான் செலவழிக்கக்கூடிய பணம். எனவே, எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்வது என்பது அவருக்குப் பெரிய கேள்வியாயிற்று.

முதலில் அவர் விதிமுறைகளைப் படித்தார். பிரிட்டனில் மைக்ரோலைட் ஓட்டுநர் உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 25 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 10 மணி நேரமாவது தனியே பறந்திருக்க வேண்டும். 16 வயது நிறைந்தவர்தான் தனியே பறக்கலாம். வான்வழிச் சட்டம், வானிலை, வழியறிதல், மனித உடலின் இயல்புகள், விமான நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகளும் உண்டு. குறைந்த அளவு 25 மணி நேரம் என்றாலும் பலருக்கு அதற்கும் கூடுதலான நேரம் தேவைப்படுகிறது. இதை அறிந்ததும், விளம்பரத்தில் காணும் கட்டணத்தை 25 ஆல் பெருக்கிப் பார்த்து மகிழ்வது தவறு என்பது அவருக்குப் புரிந்தது.

அடுத்து, எந்த வகை விமானத்தைக் கற்பது என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. துணிச்சிறகு விமானத்தில் கைப்பிடிக் கம்பியை முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு உயர்ந்து வேகம் குறையும். மற்ற வகையிலோ, கட்டுப்பாட்டுக் கோலைத் தம் பக்கம் இழுத்தால்தான் மூக்கு உயரும். இரண்டும் நேர் எதிரானவை. பாதிப் பயிற்சியில் வகையை மாற்றினால், அச்சம் வரும் நேரத்தில் கைகள் பழைய பழக்கத்தையே நாடும். ஆகவே, இரண்டு வகையிலும் பயிற்றுநருடன் ஒருமுறை பறந்து பார்த்தார். முகத்தில் காற்று மோதிய துணிச்சிறகு விமானமே அவருடைய மனத்தைக் கவர்ந்தது.

அதைக் கற்பிக்கும் பள்ளிகள் இரண்டு அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தன. ஒன்று வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. புதிய விமானங்களும் அழகான வரவேற்பறையும் கொண்டது. முழுப் பயிற்சிக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினால் பெரிய தள்ளுபடி தருவதாக அங்குக் கூறினார்கள். “ஒரே பயிற்றுநர்தான் எனக்குத் தொடர்ந்து கற்றுக்கொடுப்பாரா? நான் இடையில் நின்றுவிட்டாலோ பள்ளி மூடப்பட்டாலோ என் பணம் திரும்பக் கிடைக்குமா?” என்று அவர் கேட்டார். தெளிவான பதில் கிடைக்கவில்லை.

மற்றொரு பள்ளி ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. புல்தரை ஓடுதளம், ஒரு மரக்குடில், இரண்டு விமானங்கள், அவ்வளவுதான். அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அங்குப் பயிற்றுநராக இருந்தார். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அன்றன்றே பணம் செலுத்தினால் போதும் என்றார். அவரிடம் பயின்று உரிமம் பெற்ற இருவர் குடிலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். “அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்,” என்று கூறிவிட்டு, அம்மையார் வெளியே சென்றுவிட்டார். தபால்காரர் அந்தப் பள்ளியிலேயே சேர்ந்தார்.

முதல் பாடத்துக்காக அவர் சென்ற நாளில் வானம் நீலமாக இருந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் அம்மையார் ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்த கம்பத்தைப் பார்த்தார். காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை அதன் உச்சியில் ஒரு கணம் நிமிர்ந்தது, மறுகணம் தொய்ந்தது, உடனே வேறு பக்கம் திரும்பியது.

“இன்று பறக்க வேண்டாம்,” என்றார் அவர்.

அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாம் வாரம் மேகம் தாழ்ந்திருந்தது. மூன்று வாரங்களில் அவர் பறந்தது ஒருமுறைகூட இல்லை. வீண் பயணம், வீண் எரிபொருள் என்று அவர் மனத்துக்குள் சலித்துக்கொண்டார். அருகிலிருந்த பள்ளியிலேயே சேர்ந்திருக்கலாமோ என்றும் தோன்றியது. பொறுக்க முடியாமல், “இந்தக் காற்றில் நீங்கள் பறக்கவே மாட்டீர்களா?” என்று கேட்டுவிட்டார்.

“நான் பறப்பேன். ஆனால், உங்களை ஏற்றிச் சென்றால் நீங்கள் பயத்தைத்தான் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நீங்கள் பணமும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை வாங்க எனக்கு மனமில்லை,” என்றார் அம்மையார்.

வீடு திரும்பும் வழியில் தபால்காரர் அதைப் பற்றியே எண்ணினார். பறக்கும் நேரத்துக்கு மட்டுமே அம்மையாருக்கு வருமானம். ‘வேண்டாம்’ என்று அவர் கூறிய ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு ஏற்பட்டிருக்கிறது. மாணவனின் பாதுகாப்புக்காகத் தம் வருமானத்தை விட்டுக்கொடுப்பவரிடம் உயிரை நம்பி ஒப்படைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதன்பின் அவர் சலித்துக்கொள்ளவில்லை.

பறக்க முடியாத நாள்களில் அம்மையார் அவருக்கு வானிலை வரைபடங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கோடைக்காலத்தில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, காற்று மேலெழுந்து விமானத்தைக் குலுக்கும். எனவே, காலையும் மாலையும் பயிற்சிக்கு ஏற்றவை என்று விளக்கினார். வானில் இருக்கும்போது, பின்னிருக்கையிலிருந்து அவருடைய குரல் அடிக்கடி கேட்கும்: “இயந்திரம் இப்போது நின்றுவிட்டால் எந்த வயலில் இறங்குவீர்கள்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?” கடிதம் கொடுத்துப் பழகிய ஊர்தான். ஆனாலும், மின்கம்பி இல்லாத வயல் எது, சரிவில்லாத வயல் எது என்று மேலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க அவருக்குப் பல வாரங்கள் தேவைப்பட்டன.

சில மாதங்கள் சென்றன. அவர் முதன்முறையாகத் தனியே பறக்க வேண்டிய நாள் வந்தது. மனைவியும் மகளும் உடன் வந்திருந்தனர். மகள் படம் எடுக்கத் தயாராக இருந்தாள். விமானத்தைச் சோதித்து முடித்த தபால்காரர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். துணிப்பை மெல்ல ஓடுதளத்துக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியிருந்தது. அவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

மகள் ஆவலோடு நின்றுகொண்டிருந்தாள். அன்று பறப்பதற்காகவே அவர் விடுப்பு எடுத்திருந்தார். வந்தவர்களை ஏமாற்றத்துடன் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் மீண்டும் ஒருமுறை துணிப்பையைப் பார்த்தார்.

“இன்று வேண்டாம்,” என்றார்.

மகளின் முகம் வாடியது. அம்மையாரோ பாராட்டவும் இல்லை; ஆறுதல் கூறவும் இல்லை. “தேநீர் போடுகிறேன்,” என்று சொல்லிவிட்டுக் குடிலுக்குள் சென்றார். அம்மையார் அதே முடிவை முன்பே எடுத்துவிட்டார் என்பதும், அதை மாணவரின் வாயிலிருந்து கேட்கவே காத்திருந்தார் என்பதும் தபால்காரருக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பத்து நாள்களுக்குப் பிறகு, ஒரு விடியற்காலையில் துணிப்பை அசையாமல் தொங்கியது. அம்மையார் பின்னிருக்கையிலிருந்து இறங்கி, இருக்கைப்பட்டியை இறுகக் கட்டிவைத்துவிட்டு விலகி நின்றார். அவருடைய எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலெழுந்தது. தபால்காரரின் காதில் அன்று எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அவர் கீழே பார்த்து, தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்: ‘இயந்திரம் இப்போது நின்றுவிட்டால் எந்த வயல்?’

இடப்பக்கத்தில், அறுவடை முடிந்த கோதுமை வயல் ஒன்று தெரிந்தது.