உதட்டில் இருந்த தடயம்

மார்ச் 4, செவ்வாய்

சொத்தைப் பல்லுக்காக ஒன்பது வயதுப் பையனை அம்மா கூட்டிவந்தார். பல்லைவிட உதடுகள்தான் என்னை உறுத்தின. இரண்டும் தடித்து மேடுபள்ளமாக இருந்தன. நாக்கு நுனியிலும் ஓரங்களிலும் அரிசியளவு முண்டுகள்; வலி இல்லை, சதை நிறம்தான். "பொறந்ததுலேருந்தே இப்படித்தான் டாக்டர். ஸ்கூல்ல கேலி பண்றாங்க. வெட்டி எடுத்துடலாமா?" என்றார். மலச்சிக்கல் உண்டா என்று கேட்டேன். கைக்குழந்தையிலிருந்தே உண்டாம். "அழுவான், ஆனா கண்ணீரே வராது" என்று அவராகவே சொன்னார்.

கத்தியை எடுக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தேன், இயல்பு. பல்லுக்குத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கீழ்த்தாடைப் பல்செட் அழுத்தினால் ஷாக் அடிக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தார். முன்பு பல் பிடுங்கிய இடத்தருகே சிறு கட்டி. அறுபட்ட நரம்பு மறுபடி வளரப் பார்த்துச் சிக்குண்டு கட்டியாவதுண்டு. எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினேன்.

பையனுடையது அப்படிக் காயத்தால் வருவதல்ல. சளிச்சவ்வின் அடியில் நரம்பு இழைகளே தடித்து நெளிந்து கிடக்கும். அவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் 'எம்.இ.என். 2பி' என்ற மரபணு நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்நோயில் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்று ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது, அதுவும் சின்ன வயதிலேயே. பாதிப் பேருக்கு அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரும். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிரே போகலாம். அதனால்தான் அன்று கத்தி வைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

பையனின் ரத்தத்தில், அந்தத் தைராய்டுப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் கால்சிடோனின் மிக அதிகம். தைராய்டு ஸ்கேனில் ஒரு முடிச்சு. அட்ரினலில் இப்போதைக்கு எதுவும் இல்லை. அந்த அம்மா போனில் பேச முடியாமல் தவித்தார். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

மரபணு அறிக்கை வந்தது. 10-ஆம் குரோமோசோமில் உள்ள 'ரெட்' மரபணுவின் 918-ஆம் இடத்தில் மாற்றம். இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இதே மாற்றம்தான். அப்பா, அம்மா இருவருக்கும் இல்லை. பையனிடம் புதிதாகத் தோன்றியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால்தான் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. தைராய்டை அடுத்த வாரம் முழுதாக எடுக்கிறார்கள். இந்த மாற்றம் உள்ள குழந்தைக்கு முதல் வயதுக்குள்ளேயே அதை எடுத்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். இவனுக்கு ஒன்பதாகிவிட்டது.

பல் மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன்: தடித்த உதடும் நாக்கு நுனியில் முண்டுகளுமாக ஒரு குழந்தை வந்தால், அழகுக்காக வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள். முதலில் தைராய்டையும் அட்ரினலையும் பார்க்கச் சொல்லுங்கள்.