கையெழுத்துப் போடுங்கள், ஓடி வரட்டும்!

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் காகிதங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, மார்க் போட்ட ரேங்க் கார்டு. அது அப்பாவிடம் போகும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் பார்ப்பார். இன்னொன்று, 'என் மகளை விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்த ஒற்றைத் தாள். அது பெரும்பாலும் சமையற்கட்டுக்குத்தான் வரும். அடுப்பில் குழம்பு கொதிக்க, ஈரக் கையோடு நிற்கும் நம்மிடம், "அம்மா, இதிலே ஒரு கையெழுத்துப் போடேன்" என்று நீட்டுவார்கள். அந்த இரண்டாவது தாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், சகோதரிகளே.

நாங்கள் இருப்பது மதுரையை அடுத்த பரவை. திண்டுக்கல் போகிற சாலையில், விடியுமுன்னே காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள் வந்து நிற்கிற ஊர். என் சின்ன மகள் ஒன்பதாவது படிக்கிறாள். படிப்பில் நடுத்தரம். ஆனால் ஓட விட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். அந்தத் தாள் அதற்கப்புறம்தான் வர ஆரம்பித்தது.

பள்ளிகளுக்குள் நடக்கும் இந்தப் போட்டிகள் எப்படி என்று தெரியாத தாய்மார்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆகையால் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக் குறுவட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்ட அளவு. அதிலும் ஜெயித்தால் மாநிலம். பதினான்கு வயதுக்குள், பதினேழு வயதுக்குள், பத்தொன்பது வயதுக்குள் என்று பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். எனவே 'நம்ம பிள்ளை பெரிய பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா' என்ற பயம் வேண்டாம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் மட்டுமில்லை. கபடி, கோ-கோ, வாலிபால், கேரம், செஸ் எல்லாம் உண்டு.

குறுவட்டத்தில் என் மகள் இரண்டாவதாக வந்து, மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்துவிட்டது.

"ஏம்மா, பெரியவளாகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் டவுசரைப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னால ஓடணுமாக்கும்?" என்றார்கள் என் மாமியார்.

"அடுத்த வருஷம் பத்தாவது. ஓடி ஓடிக் களைச்சுப் போயி வந்து படுத்துக்குவா. அப்புறம் மார்க்குக்கு எங்கே போறது?" என்றார் என் கணவர்.

எதிர்வீட்டு மதினி வேறு, "வெயில்ல கறுத்துப் போச்சே பிள்ளை" என்று அவள் பங்குக்கு ஒன்றைப் போட்டாள்.

இந்த மூன்றையும் கேட்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஆறாவது ஏழாவது படிக்கும்போது மைதானத்தில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக ஓடுகிறார்கள். எட்டாவதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போகிறார்கள். கால் ஓடாமல் போனதா? இல்லை. வீட்டில் கையெழுத்து விழாமல் போனது.

என் மாமியாரிடம் நான் வாதாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, சக்கிமங்கலத்து ஆரம்மாள் பாட்டியின் கதையைச் சொன்னேன். மதுரைக்குக் கிழக்கே இருக்கிற ஊர்தான் சக்கிமங்கலம். ரேவதி வீரமணி என்ற பெண் அந்த ஊர்ப் பிள்ளை. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அடுத்துக் கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார். ரேவதியையும் அவள் தங்கையையும் வளர்த்தது தாய்வழிப் பாட்டி ஆரம்மாள்தான். காட்டு வேலை, செங்கல் சூளை வேலை என்று கிடைத்ததற்கெல்லாம் போய் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 'பொம்பளைப் பிள்ளைங்கதானே, கூட்டிக்கிட்டுப் போய் வேலைக்கு விடு' என்று உறவுக்காரர்களே சொல்லியும், பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை.

ரேவதி பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினாள். பார்த்த பயிற்சியாளர் கண்ணன், இந்தப் பெண்ணை விடக்கூடாது என்று தீர்மானித்தார். முதலில் பாட்டிக்குமே தயக்கம்தான்! பெண் பிள்ளையை விளையாட அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று. கண்ணன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்க ஏற்பாடு செய்தார். கல்லூரிக்குப் போன பிறகும் கொஞ்ச காலம் வெறுங்கால்தான். ஷூ வாங்க வழியில்லை. 2019இல் ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆணும் பெண்ணும் கலந்து ஓடுகிற நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினாள். அந்த அணியின் நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்பது இன்னொரு சந்தோஷம். பதக்கம் வரவில்லை. இறுதிச் சுற்றுக்கும் போகவில்லை. அதனால் என்ன? செங்கல் சூளையில் சுமந்த பாட்டியின் பேத்தி ஒலிம்பிக்ஸில் ஓடினாளே!

நான் சொல்லி முடித்ததும் மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, "அந்தக் கிழவிக்கு ஊரு பேசுறதைக் காதுல வாங்க நேரம் இருந்திருக்காது" என்றார்கள். எவ்வளவு சரியான பேச்சு! டவுசருக்கு மட்டும் இன்றுவரை சம்மதிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற விளையாட்டுக் கால்சட்டையாக வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே ஓடுகிறாள். வேகம் ஒன்றும் குறையவில்லை.

மதுரையிலேயே இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். ஜெர்லின் அனிகா. காது கேளாத பிள்ளை. மதுரை அவ்வை மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2022 மே மாதம் பிரேசில் நாட்டில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்ஸில் பூப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். அந்த வருஷமே அர்ஜுனா விருது. மாநகராட்சிப் பள்ளி என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் ஃபீஸ் கட்டுகிற எத்தனையோ பள்ளிகளில் மைதானம் என்ற பெயரில் பஸ் நிற்கிற இடம்தானே இருக்கிறது?

எல்லாக் குழந்தையும் ஒலிம்பிக்ஸுக்குப் போகப்போவதில்லை. என் மகளும் போவாள் என்று நான் சொல்ல வரவில்லை. பதினேழு வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைகிற மாதிரி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பத்தாவது பரீட்சை எழுதுகிறவர்களுக்கு விதிவிலக்கு என்று அதில் எழுதவில்லை!

ஓடுகிற பிள்ளைக்கு வயிற்றுக்குச் சரியாகப் போட வேண்டும். அது நம் பொறுப்பு. நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். வளர்கிற பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் போவதும் சேர்ந்துகொள்ள, படியேறினாலே மூச்சு வாங்கும், படபடவென்று அடிக்கும், தலை சுற்றும். 'சோம்பேறி' என்று திட்டுமுன், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். பள்ளியில் வாரம் ஒன்று இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பல பிள்ளைகள் அதை டெஸ்குக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், மலம் கறுப்பாகப் போனால் பயமில்லை என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

என் வீட்டில், பயிற்சிக்குப் போகுமுன் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி அல்லது ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு விடமாட்டேன். வந்ததும் அவித்த கடலை, முடிந்த நாளில் முட்டை. மத்தியானத்துக்கு வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ கொடுத்தால் அது ஒட்டாமல் போய்விடும். இதெல்லாம் பெரிய செலவில்லை. நல்ல ஷூவுக்கும், விளையாடும்போது போடுகிற இறுக்கமான உள்ளாடைக்கும்தான் கொஞ்சம் காசு வேண்டும். இந்த உள்ளாடை விஷயத்தை நாம் கேட்டால் ஒழியப் பெண் வாய் திறக்கமாட்டாள். அது இல்லாத கூச்சத்தினாலேயே ஓட்டத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்த மூன்று நாள் ஓடலாமா என்று கேட்பார்கள். வலி அதிகமில்லையென்றால் தாராளமாக ஓடலாம். உடம்பு அசைவதால் பலருக்கு வலி குறையத்தான் செய்கிறது. அவளுக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கு ஓய்வு. அதை முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். பாட்டியும் இல்லை, பி.டி. டீச்சரும் இல்லை.

ஓடத் தெரியாத பிள்ளையா? வேறு கதவு திறந்திருக்கிறது. 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பாட்டு, கரகம், ஒயில், பறை, நாடகம், களிமண் சிற்பம் என்று பள்ளியில் தொடங்கி மாநிலம் வரை போகலாம். எங்கள் ஊர்ப் பேரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோன பரவை முனியம்மா 2020இல் காலமாகிவிட்டார். சினிமாவில் அவருக்குப் பெரிய பேர் கிடைத்தது 2003இல் வந்த 'தூள்' படத்தில், நன்றாக வயதான பிறகுதான். அந்தக் குரலுக்குப் பதிமூன்று வயதில் ஒரு பள்ளி மேடை கிடைத்திருந்தால் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சரி, மாவட்டப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நானும் கூடப் போனேன். காலை ஏழு மணிக்குப் போனவர்களுக்கு ஓட்டம் வந்தது பதினொன்றரைக்கு, சுள்ளென்ற வெயிலில். கடைசி வளைவு வரைக்கும் என் மகள் மூன்றாவதாக வந்தாள். நேர்கோட்டுக்கு வந்ததும் பக்கத்தில் ஓடிய பெண் ஒரு எட்டு முந்திவிட்டாள். நான்காவது இடம். சர்டிபிகேட் இல்லை. பஸ்ஸில் திண்டுக்கல் ரோடு வரும்வரை என் தோளில் சாய்ந்து அழுதாள். ஊர் வந்து இறங்கியதும், "பசிக்குதும்மா, புரோட்டா வாங்கித் தா" என்றாள். மறுநாள் ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. நான் எழுப்பவில்லை. அவளே எழுந்து போனாள்.

இவரிடமும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். பத்தாவது வகுப்பு ஆரம்பித்தாலும் காலையில் ஒரு மணி நேரப் பயிற்சி நிற்காது. அதற்குப் பதில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் டி.வி., செல்போன் எதுவும் வீட்டில் ஓடாது, அவருடைய கிரிக்கெட் உட்பட. கொஞ்சம் முனகினார். ஆனால் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறவர் இப்போது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைப் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், எத்தனை விநாடி என்று எழுதி வைக்கிறார்.

பள்ளியில்தான் ஒரு மனக்குறை. எங்கள் பள்ளி மட்டுமில்லை, கேட்டால் எல்லா ஊரிலும் இதே பாட்டுத்தான். வாரத்தில் இருக்கிற இரண்டு பி.டி. பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். போட்டி நடக்கிற இடங்களில் பெண் பிள்ளைகள் போக ஒழுங்கான கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஓடி மயங்கி விழுகிறார்கள். மாவட்டப் போட்டியன்று என் கண் முன்னால் இரண்டு பேர் விழுந்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும். 'கூட்டத்துக்கு வாங்க' என்று கூப்பிடும்போது வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்கிறோம். வருகிற கூட்டத்துக்கு எதிர்வீட்டு மதினியையும் இழுத்துக்கொண்டு போகிறேன். இரண்டே விஷயம்தான் கேட்கப் போகிறோம். பி.டி. பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது. மைதானத்துப் பக்கத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும்.