பொட்டியும் பம்பையும்

போன வருஷம் ஆடி மூணாவது ஞாயிறு, எங்க தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்தின ராத்திரி, டிராக்டர் டிரெய்லர் மேல டிஜே பொட்டி ஏத்தி ஊர் சுத்தினாங்க நம்ம பசங்க. நன்கொடை நோட்டுல என் பேருலயும் ரெண்டாயிரம் இருக்கு. அதனால நான் நல்லவன் வேஷம் போட முடியாது. பொட்டி அடிச்ச அடியில பரண்ல இருந்த பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்துச்சு, கொட்டாயில கட்டியிருந்த மாடு கயித்த அறுத்துக்கிச்சு. அதெல்லாம் கூட மறந்துடுச்சு. மறக்காதது ஒண்ணு இருக்கு.

வருஷா வருஷம் கரகம் ஜோடிக்க வர்ற பம்பைக்காரப் பெரியவரு, கோயில் மூலையில பம்பைய இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. அவரு அடிச்சது அவருக்கே கேட்டிருக்காது. முடிஞ்சதும் பேசின காசுல பாதிதான் எடுத்துக்கிட்டாரு. "அடுத்த வருஷம் தேவைப்பட்டா சொல்லி அனுப்புங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இந்த வருஷம் ஆனி கடைசியில என் அக்கா பையன் வந்திருந்தான். ஒரகடத்துல வேலை. பொட்டி ஏற்பாடு பண்ணதே அவன்தான். சாயந்திரம் பம்புசெட்டுல உக்காந்திருந்தப்ப போன்ல ஒரு இங்கிலீஷ் பாட்டு போட்டான். ஆம்பளைக் குரல் ஒண்ணும் பொம்பளைக் குரல் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல நடந்து போற மாதிரி இருந்துச்சு. மோட்டார் சத்தத்துல சரியா கேக்கல. மோட்டாரை நிறுத்திட்டுக் கேட்டேன்.

"இது யாருடா?"

"ராபர்ட் பிளான்ட், மாமா. இப்ப இதைக் கேளுங்க"ன்னு இன்னொண்ணு போட்டான். கிடார் அலறுது, டிரம்ஸு இடிக்குது, அதுக்கு மேல ஒரு ஆளு உச்சத்துல கத்துறான். ரெண்டும் ஒரே ஆளுன்னான். எனக்கு நம்பிக்கை வரல.

அவன் சொன்ன கதை இது. 1968-ல இங்கிலாந்துல லெட் செப்பெலின்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. ஹார்ட் ராக்குன்னா உலகம் முழுக்க முதல்ல சொல்ற பேருல அது ஒண்ணு. அதுக்குப் பாடகரு இவரு. 1972-ல பம்பாய்க்கு வந்து நம்ம ஊரு வாத்தியக்காரங்களோட உக்காந்து ரெக்கார்டிங் கூட பண்ணிப் பாத்திருக்காங்க. 1980-ல டிரம்ஸ் வாசிக்கிறவர் செத்துப்போனாரு, குழுவையே கலைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் 2007-ல, அறுபது வயசை நெருங்கும்போது, அலிசன் கிராஸ்னு ஒரு அமெரிக்க நாட்டுப்பாட்டுக்காரம்மாவோட 'ரெய்சிங் சாண்ட்'னு ஒரு ஆல்பம் போட்டாரு. பெரும்பாலும் பழைய பாட்டுங்கதான், அலறல் இல்லாம. அதே வருஷம் டிசம்பர்ல லண்டன்ல பழைய குழு ஒரே ஒரு ராத்திரி மட்டும் ஒண்ணா மேடை ஏறினாங்க. உலகம் பூரா சுத்தி வருவாங்கன்னு ரசிகருங்க காத்திருந்தாங்க. இவரு போகல. அடுத்த வருஷம் அந்தம்மாவோட சின்னப் பாட்டுங்களப் பாடத்தான் கிளம்பினாரு. 2009 கிராமி விருதுல வருஷத்தோட சிறந்த ஆல்பம் அதுதான்.

"வயசாயிடுச்சு, கத்த முடியல. அதானே?"ன்னேன்.

"இல்ல மாமா. அந்த லண்டன் மேடையில பழைய பாட்டெல்லாம் பாடினாரே. முடியாம விடல, வேணாம்னு விட்டாரு."

அந்த வார்த்தை எனக்குள்ள உக்காந்துக்கிச்சு. ராத்திரி தூக்கம் வராம புரண்டப்பதான் நம்ம எல்.ஆர். ஈஸ்வரியம்மா ஞாபகம் வந்தாங்க.

கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவங்க. அவங்க அம்மா கோரஸ் பாடினவங்க. இவங்களும் கோரஸ்ல இருந்துதான் வந்தாங்க. 1961-ல 'பாசமலர்' கல்யாணப் பாட்டு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்துச்சு. அப்புறம் சினிமாவுல ஆட்டம் பாட்டம்னா அவங்கதான். 1968-ல 'பணமா பாசமா'வுல இலந்தைப்பழம் வித்தாங்க. அடுத்த வருஷம் 'சிவந்த மண்'ல சாட்டையடிக்கு நடுவுல பாடினாங்க. டிரம்பெட், கிடார், பாங்கோ எல்லாத்துக்கும் மேல ஏறி நிக்கிற குரல். 1972-ல 'வெள்ளி விழா'வுல காதோட பேசுற மாதிரியும் அவங்களால பாட முடிஞ்சுது.

அப்படிப்பட்டவங்க பாடின அம்மன் பாட்டுங்கதான் இன்னிக்கும் ஆடி மாசத்துல விடியக்காலை நம்ம தூக்கத்தைக் கலைக்குது. அதுல பேண்டு வாத்தியமா கேக்குது? உடுக்கையும் பம்பையும்தானே முன்னாடி நிக்குது. பிளான்ட் மாதிரி இவங்க குரலைத் தாழ்த்திக்கல. முழுக் குரல்லதான் கூப்பிடுறாங்க. ஆனா ஒரு வார்த்தை கூட நமக்குத் தப்பாது.

எங்க ஆயாவுக்குக் கையெழுத்து கூட போடத் தெரியாது. அந்தப் பாட்டுங்க பூரா மனப்பாடம். நெசவுத் தெருவுல குழித்தறியில உக்காந்தவங்களுக்குக் கையில நாடா, காலுல மிதி, கண்ணு ஜரிகை மேல. காது ஒண்ணுதான் சும்மா இருக்கும். குழாய் ஸ்பீக்கர்ல வர்ற அந்தக் குரல் தறிச் சத்தத்தைத் தாண்டி வரும், ஆனா தறிச் சத்தத்தை அழிக்காது. எது சத்தம், எது பாட்டுன்னு எனக்கு அப்பதான் விளங்குச்சு. பாட்டுன்னா பக்கத்துல இருக்கிற இன்னொரு சத்தத்துக்கும் இடம் விடணும். பொட்டி யாருக்கும் இடம் விடல. பெரியவரு பம்பைக்கும் விடல.

கூட்டத்துல இதைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்தான். "சித்தப்பா, அதே ஈஸ்வரியம்மாதான் 2011-ல 'ஒஸ்தி'யில டி.ஆரோட குத்துப் பாட்டு பாடினாங்க. 2020-ல 'மூக்குத்தி அம்மன்'லயும் பாடினாங்க. அதெல்லாம் நாங்க போடக்கூடாதா?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. அவன் சொன்னது நிஜம். பிளான்ட்டும் ஒரு ராத்திரி பழைய மேடைக்குப் போனவருதானே. ஆட்டப் பாட்டு தப்புன்னு ஈஸ்வரியம்மாவே சொல்லாதப்ப நான் யாரு சொல்ல?

கடைசியில இப்படி முடிவாச்சு. விடியக்காலை குழாய் ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு. கூழ் ஊத்தின பிறகு மத்தியானம் ஒரு மணி நேரம் சின்னப் பொட்டி, பசங்க இஷ்டம். கரகம் கிளம்பினதுல இருந்து கோயில் திரும்புற வரைக்கும் பம்பை மட்டும். நாலு பசங்க கோவிச்சுக்கிட்டு நன்கொடை தரல. கூழ் அண்டா தூக்கவும் வரல.

பெரியவரைக் கூப்பிட அக்கா பையனே பைக் எடுத்துக்கிட்டுப் போனான். அவரு கேட்டது ஒண்ணுதானாம்: "பொட்டி இருக்குமா தம்பி?" இல்லைன்னு இவன் சொன்ன பிறகுதான் ஆணியில மாட்டியிருந்த பம்பைய இறக்கித் தூசி தட்டினாராம்.

அன்னிக்கு ராத்திரி கரகம் எங்க வீட்டு வாசலுக்கு வந்தப்ப கதவுக்கு உள்ள இருந்தே பம்பை கேட்டுச்சு. அதுக்கு நடுவுல பெரியவரு அம்மனை வர்ணிச்சுப் பாடுற குரலும் வார்த்தை வார்த்தையா கேட்டுச்சு. இத்தனை வருஷமா வர்றாரு, அவரு பாடுவாருன்னே போன வருஷம் நிறைய பேருக்குத் தெரியாது. இந்த வருஷம் பேசின காசை முழுசா வாங்கிக்கிட்டாரு.

கணக்கு முடிச்சதுல ஆயிரத்து ஐநூறு துண்டு விழுது. அதை நானும் அக்கா பையனும் பாதிப் பாதி போட்டுக்கிட்டோம்.